இரண்டு மணி மரங்கொத்தி

நவம்பர் 8, ஞாயிறு

எதை எழுதத் தொடங்கினாலும் முதல் பக்கத்தில் குறிப்புகளை வரிசைப்படுத்திக்கொள்வது என் வழக்கம். முப்பத்து நான்கு வருடம் புள்ளியியல் துறையில் இருந்தவனுக்கு வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

1. கட்டைகள்: சென்ற மாத மழையில் வீட்டுக்குப் பின்னால் சாய்ந்த சில்வர் ஓக் மரம். மெஷின் வாள் வைத்திருக்கும் ஒச்சப்பன் வந்து ஒரு அடி நீளத் துண்டுகளாக அறுத்துப் போட்டுவிட்டார். பிளக்கவில்லை.

2. தேவை: வெந்நீர் பாய்லருக்கும் அடுப்புக்கும் சேர்த்து வாரம் பத்து கன அடி. மார்ச் வரை தாங்க, கொட்டகையில் நூறு கன அடி பிளந்த விறகு இருக்க வேண்டும்.

3. ஆள்பலம்: இந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருவருக்குக் கோடரி தூக்கிப் பழக்கமில்லை. மற்றவருக்கு இங்கே இருக்க விருப்பமில்லை.

4. கருவிகள்: கோடரி, ஆப்பும் சம்மட்டியும், மின்சாரத்தில் ஓடும் பிளக்கும் இயந்திரம், டீசலில் ஓடுவது.

5. கெடு: டிசம்பர் 27.

6. முடிவு: ஒப்பீட்டு அட்டவணையின்படி. உணர்ச்சிக்கு இடமில்லை.

ஐந்தாவதற்கு விளக்கம் வேண்டும். மகன் முகுந்தன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். "அப்பா, எழுபத்திரண்டு வயசுல மலைமேல உக்காந்துகிட்டு விறகுக்கு அல்லாடணுமா? போன வருஷம் அம்மா பச்சைத் தண்ணில குளிச்சு நெஞ்சுச்சளி வந்தது மறந்துபோச்சா? இருபத்தேழாம் தேதி கார் எடுத்துட்டு வரேன். குளிர் தாண்டுற அளவுக்கு விறகு இருந்தா இருங்க. இல்லைன்னா ரெண்டு பேரும் வண்டில ஏறுங்க, இடத்தைக் குடுத்துரலாம். ரிசார்ட்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

மறுத்துப் பேச நினைத்தேன். வாயிலிருந்து "சரிப்பா" என்றுதான் வந்தது. என் மனைவி சௌந்தரம் போனை வாங்கி, அவளும் "சரிப்பா" என்றாள். அவள் சொன்ன சரி வேறு வகை என்று பட்டது. போன வருடம் முகுந்தன் வீட்டுக்குப் போய்வந்த பிறகு "அங்க லிஃப்ட் இருக்கு" என்று இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். குறிப்பு 3-க்கு அதுதான் ஆதாரம்.

தாண்டிக்குடிக்குக் கீழே இந்த ஒன்றரை ஏக்கரை ஓய்வு பெற்ற வருடம் வாங்கினேன். காப்பி, கொஞ்சம் மிளகு, பத்து ஆரஞ்சு மரம். பன்னிரண்டு வருடமாகிறது. எனக்கு இங்கிருந்து போக விருப்பமில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நவம்பர் 9, திங்கள்

கொட்டகையில் பழைய விறகு 40 கன அடி. டேப்பால் மூன்று முறை அளந்து சராசரி எடுத்தேன். இனி ஒவ்வொரு திங்களும் அளப்பதாகத் திட்டம்.

நவம்பர் 10, செவ்வாய்

கட்டைகள் மொத்தம் அறுபத்து நான்கு. ஒவ்வொன்றின் முகத்திலும் நீல பெயிண்டால் எண் போட்டேன். சாக்பீஸ் என்றால் மழை அழித்துவிடும்.

சௌந்தரம் காப்பி கொண்டுவந்தாள். "எண் போட்டா பொளந்துக்குமா?" என்றாள்.

எதையும் நேரில் பார்த்துப் பதிந்தால்தான் அது புள்ளிவிவரம் என்று விளக்கினேன். வீடு வீடாகப் போய்க் கேட்காமல், டீக்கடையில் உட்கார்ந்தே படிவத்தை நிரப்பிய பதினொரு களப்பணியாளர்களுக்கு நான் மெமோ கொடுத்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் அழுதார். எனக்கும் கஷ்டமாக இருந்தது, ஆனால் மெமோவைத் திரும்பப் பெறவில்லை.

"நல்லா இருக்குங்க எண்ணு" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

நவம்பர் 12, வியாழன்

ஆள் வைத்துப் பிளப்பது பற்றி விசாரித்தேன். காப்பிப் பழம் எடுக்கும் பருவம். தை முடியும்வரை ஊரில் ஒரு கை கிடைக்காது என்று பால்காரர் சொன்னார். ஒச்சப்பனைத் தனியாகக் கேட்கலாம். அவர் குரல் பெரிது. நாளைக்குக் கேட்கலாம்.

நவம்பர் 13, வெள்ளி

கேட்கவில்லை.

காலமான என் மாமனார் நிலக்கோட்டையில் விறகுக்கடை வைத்திருந்தவர். உயிரோடிருந்தால் ஆலோசனை கேட்டிருக்கலாம். இந்த விஷயத்தில் விவரம் தெரிந்தவர் யாரும் எனக்கு இப்போது இல்லை.

நவம்பர் 14, சனி

வேதனையான விஷயம். காலையில் நான் தோட்டத்திலிருந்து திரும்பியபோது பரணிலிருந்த தகரப் பெட்டி கூடத்தின் நடுவில் திறந்து கிடந்தது. சௌந்தரம் பழைய புடவைகளை எடுத்துத் தரையில் அடுக்கியிருந்தாள். என்னைப் பார்த்ததும் மூடியைச் சாத்தினாள்.

கெடுவுக்கு இன்னும் நாற்பத்து மூன்று நாள் இருக்கிறது. அதற்குள் மூட்டை கட்டுகிறாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. குறிப்பு 3 உறுதியாகிறது.

நவம்பர் 16, திங்கள்

இருப்பு 38 கன அடி. வாரம் பத்து செலவானால் 30-தான் இருக்க வேண்டும். டேப் தளர்ந்திருக்கலாம்.

நவம்பர் 18, புதன்

வத்தலக்குண்டு போனேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் விவசாய இயந்திரக் கடை. முதலாளி காஜா மைதீன் மிகவும் மரியாதையானவர். உட்காரவைத்து டீ கொடுத்து, என் பெயரை மூன்று தடவை சொன்னார்.

செய்முறை விளக்கம் காட்டினார். பலகையில் ஒரு கட்டையை வைத்து நெம்புகோலைத் தள்ள, இரும்பு ஆப்பு மெல்ல நகர்ந்துவந்து கட்டையைத் தொட்டது. கட்டை இரண்டாக விழுந்தது. சத்தமே இல்லை. மொத்தம் ஒன்பது விநாடி.

"எட்டு டன் அழுத்தம் சார். தாத்தா பாட்டி எல்லாம் ஓட்டலாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களச் சொல்லல சார்" என்றார். அந்த இரண்டு துண்டையும் எடுத்துப் பத்திரமாக அலமாரியில் வைத்தார்கள். அங்கே அதே அளவில், வழவழவென்று இன்னும் பத்துக் கட்டைகள் இருந்தன.

"கணு உள்ள கட்டையா இருந்தா?" என்று கேட்டேன்.

"கணு இல்லாததா பாத்து வச்சுக்கங்க சார்."

"மரத்துல கணு இருக்குமே?"

"அது மரத்தோட பிரச்சினை சார். மெஷின்ல ஒரு குறையும் கிடையாது."

நியாயமாகத்தான் பட்டது. விவரக் குறிப்புத் தாள் ஏழு வாங்கிவந்தேன்.

நவம்பர் 19, வியாழன்

பின்பக்கத்தில் ஒரு மரங்கொத்தி வந்திருக்கிறது. மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை நான் படுத்திருக்கும் நேரத்தில் கேட்கிறது. டொக். சிறிது இடைவெளி. டொக், டொக். பிறகு எதுவோ விழும் ஓசை. பெரிய பறவையாக இருக்க வேண்டும்.

மாலையில் சௌந்தரத்திடம் சொன்னேன். "அப்படியா?" என்றாள். "மதியத்துல மட்டும் வருதா? கெட்டிக்காரப் பறவை."

நவம்பர் 23, திங்கள்

இருப்பு 43 கன அடி. எரிக்க எரிக்கக் கூடுகிறது. மழை ஈரத்தில் விறகு உப்புகிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் தோன்றவில்லை. உப்பல் காரணியாக நூற்றுக்குப் பன்னிரண்டு எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 25, புதன்

ஒப்பீட்டு அட்டவணை முதல் வரைவு. பாதுகாப்புக்கு முப்பது மதிப்பெண், வேகத்துக்கு இருபது, சத்தமின்மைக்குப் பதினைந்து, பராமரிப்புக்கு இருபது, கணு தாங்கும் திறனுக்கு இருபது. கூட்டினால் நூற்று ஐந்து வருகிறது. எதைக் குறைப்பது என்று மாலைவரை யோசித்தேன்.

சௌந்தரம் பரிமாறும்போது பார்த்தேன், உள்ளங்கைகளில் கொப்புளம். தோசைக்கல் சுட்டுவிட்டது என்றாள். இரண்டு கையிலுமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ரசம் ஊற்றிவிட்டாள். அவள் இப்போதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிறாள். ஊருக்குப் போகும் மகிழ்ச்சியாக இருக்கலாம்.

நவம்பர் 27, வெள்ளி

கட்டைகளின் சராசரி விட்டத்தைக் கண்டுபிடிக்க எட்டுக் கட்டைகளைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தேன். வந்த எண்களில் ஒன்று 17. போய்ப் பார்த்தால் 17 இல்லை. விதிப்படி அடுத்த எண்ணை எடுக்க வேண்டும். 18-உம் இல்லை. 19, 20, 21 இல்லை.

திருட்டு என்றால் ஐந்தையும் யார் சுமந்துபோவது? நேற்று மேல்தோட்டத்துக்குக் காட்டுமாடு வந்ததாகச் சொன்னார்கள். கொம்பால் பள்ளத்தில் உருட்டிவிட்டிருக்கும். வனத்துறைக்கு மனு எழுதத் தொடங்கினேன்.

சௌந்தரத்திடம் வாசித்துக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றாள். "ஒரு காட்டுமாடா, ரெண்டான்னு தெளிவாப் போடுங்க. அப்புறம் அவங்க குழம்பிப்போவாங்க."

நவம்பர் 30, திங்கள்

50 கன அடி. உப்பல் காரணியை இருபதாக உயர்த்தினேன்.

டிசம்பர் 3, வியாழன்

முகுந்தன் போன் செய்தான். விறகு என்ன ஆயிற்று என்று கேட்டான். இயந்திரத் தேர்வு இறுதிக் கட்டத்தில் இருப்பதாகச் சொன்னேன். "அப்பா, மூணு வாரமா இறுதிக் கட்டத்துலதான் இருக்கீங்க" என்றான். ரிசார்ட்காரரையும் இருபத்தேழாம் தேதி வரச்சொல்லியிருக்கிறானாம். வெறும் பேச்சுக்குத்தான் என்றான்.

அதற்குப் பிறகு ஆரஞ்சு மரங்களைப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன். காரணம் ஒன்றுமில்லை.

டிசம்பர் 5, சனி

மின்சார இயந்திரம் தொண்ணூற்றோரு மதிப்பெண் பெற்று முதலிடம். காஜா மைதீனுக்குப் போன் செய்து சொன்னேன். அவருக்கு மகிழ்ச்சி. "வீட்டுல மூணு ஃபேஸ் கனெக்‌ஷன்தானே சார்?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் ஒன்றுதான். மழைக்காலத்தில் அதுவும் பாதி நாள் இல்லை. அட்டவணை வளர்ந்து இருபத்து மூன்று அம்சங்களை ஒப்பிட்டிருக்கிறேன். மின்சாரம் அவற்றில் இல்லை.

டிசம்பர் 7, திங்கள்

59. டீசல் இயந்திரத்துக்குப் புதிய அட்டவணை தொடங்கினேன்.

டிசம்பர் 10, வியாழன்

டீசல் இயந்திரத்தின் எடை இருநூற்று அறுபது கிலோ. சாலையிலிருந்து வீட்டுக்கு எழுபத்தெட்டுப் படி. படிகளை இன்று மறுபடி எண்ணினேன். குறையவில்லை.

டிசம்பர் 11, வெள்ளி

மிச்சமிருப்பது கோடரியும் ஆப்பும். அவற்றுக்கு ஆள் வேண்டும். குறிப்பு 3.

டிசம்பர் 14, திங்கள்

70. காரணி கணக்கிடவில்லை. கட்டைகளை எண்ணுவதையும் நிறுத்திவிட்டேன். பின்பக்கம் வழுக்குகிறது, விழுந்துவிடுவோமோ என்று பயம்.

மரங்கொத்தி இப்போது தினமும் வருகிறது. நான் எழுந்து நடமாடினால் பறந்துவிடுமோ என்று தோன்றுவதால் மதியத் தூக்கத்தை நான்கு மணிவரை நீட்டித்திருக்கிறேன்.

டிசம்பர் 21, திங்கள்

84.

டிசம்பர் 22, செவ்வாய்

சௌந்தரம் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். குளிக்க வெந்நீர் இல்லை. நானே பாய்லருக்குத் தீ மூட்டலாம் என்று கொட்டகைக்குப் போய்க் கையில் கிடைத்த விறகை எடுத்தேன். அதன் தலைப்பக்கத்தில் நீலமாக ஒரு கோடு. இன்னொன்றை எடுத்தேன். அதில் மடங்கிய ஒரு கோடு. இரண்டையும் சேர்த்துப் பிடித்தேன்.

17.

என் கையெழுத்துதான். நான் ஏழுக்கு நடுவில் சிறு குறுக்குக் கோடு போடுவது வழக்கம். தணிக்கையில் ஒன்றோடு குழம்பக்கூடாது என்பதற்காக.

அந்த இரண்டு துண்டையும் எரிக்காமல் மேசைமேல் வைத்திருக்கிறேன். பச்சைத் தண்ணீரில் குளித்தேன்.

டிசம்பர் 23, புதன்

ஒச்சப்பனைத் தேடிப் போனேன். எங்களுக்குத் தெரியாமல் உதவி செய்திருக்கிறார், நன்றி சொல்ல வேண்டும் என்று எண்ணினேன். அப்படித்தான் எண்ணினேன் என்று எழுதிவைக்கிறேன்.

காப்பிக் களத்தில் நாலு பேர் நடுவில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்த சிரிப்பில் களத்துக் கோழிகள் ஓடின.

"நானா? என்ன சார் நீங்க! ஞாயித்துக்கிழமை வந்து பொளந்து தர்றேன்னு நான் அப்பவே சொன்னேன். அம்மாதான், 'வேணாம் ஒச்சா, சாரு மெஷின் பாத்துக்கிட்டிருக்காரு, அவரு வேலையக் கெடுத்துராத'ன்னு சொல்லிட்டாங்க. அந்தக் கோடரிக்குப் பிடி மட்டுந்தான் நான் போட்டுக் குடுத்தது."

"எந்தக் கோடரி?"

"அவங்கப்பாரு கோடரி சார். பெட்டிக்குள்ள பழைய சேலையில சுத்தி வச்சிருந்தாங்களே. என்னா இரும்பு! என் மெஷினைக் குடுத்துட்டு அதை வாங்கிக்கலாம்."

களத்தில் இருந்த பெண் ஒருத்தி, "சாருக்கு நெசமாவே தெரியாதா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். மெதுவாகக் கேட்பதாக அவளுக்கு நினைப்பு.

டிசம்பர் 24, வியாழன்

இரண்டு மணிக்குப் படுத்தேன். முதல் டொக் கேட்டதும் எழுந்து சமையலறை ஜன்னலுக்குப் போனேன்.

புடவையை இடுப்பில் செருகி, தலையில் துண்டு கட்டியிருந்தாள். 1-ஆம் எண் கட்டையை அடிமணையாகப் போட்டு, அதன்மேல் இன்னொன்றை வைத்தாள். உடனே அடிக்கவில்லை. குனிந்து கட்டையின் முகத்தைப் பார்த்தாள். கையால் தடவினாள். கொஞ்சம் திருப்பி வைத்தாள். வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கோடரியைப் பெரிதாக ஓங்கவும் இல்லை. நெற்றிவரை தூக்கினாள், விட்டாள். ஓரத்தில் ஒரு அடி. தள்ளி ஒன்று. மூன்றாவதற்குக் கட்டை தானாக வாய் திறந்தது.

கணுவுள்ள கட்டை அது.

அறுபத்தேழு வயது. நாற்பத்து மூன்று வருடமாக அவளுடன் குடியிருக்கிறேன். வேலை செய்யும்போது உதட்டை இப்படி மடித்துக்கொள்வாள் என்பது எனக்குத் தெரியாது.

மூன்று மணிக்குப் படுக்கைக்குத் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். நான்கு மணிக்கு அவள் காப்பியோடு வந்து எழுப்பினாள். எழுந்தேன்.

டிசம்பர் 26, சனி

நாளை முகுந்தன் வருகிறான். என்ன சொல்வது என்று வரைவு எழுதிப் பார்த்தேன். ஏற்பாடு செய்தேன் என்றால் பொய். அம்மா பிளந்தாள் என்றால், இந்த வயதில் அவளைக் கோடரி தூக்கவிட்டீர்களா என்று நாளைக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவான். அதுதானே அவள் விருப்பம் என்றும் தோன்றுகிறது. போக விரும்புகிறவள் எதற்கு விறகு பிளக்க வேண்டும்? இந்த இரண்டு விவரமும் ஒரே அட்டவணையில் உட்கார மறுக்கின்றன.

நான்கு வரைவுகளையும் கிழித்துவிட்டேன்.

டிசம்பர் 27, ஞாயிறு

பத்து மணிக்கு முகுந்தன் வந்தான். ரிசார்ட்காரர் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

அவன் நேராகக் கொட்டகைக்குப் போனான். விறகு கூரைவரை நின்றது. காலையில் அளந்ததில் 97 கன அடி. மூன்று குறைவு என்பதை அவனிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அதை விடுங்க. யாருப்பா பொளந்தது இவ்வளவும்? மெஷின் வந்துருச்சா?"

சௌந்தரம் வாசலில் நின்று முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஆனால் முறம் நின்றுவிட்டது.

"அம்மா" என்றேன்.

"அம்மாவா?" அவன் முகம் சிவந்தது. "என்னப்பா இது? நெஞ்சுச்சளி வந்த ஆளுகிட்ட கோடரியைக் குடுத்துட்டு நீங்க அட்டவணை போட்டுக்கிட்டிருந்தீங்களா? போதும். ரெண்டு பேரும் கிளம்புங்க. அம்மாவுக்கும் அதுதான் இஷ்டம்னு எனக்குத் தெரியும்."

எனக்கும் அப்படித்தான் தெரியும் என்று சொல்ல வாய் திறந்தேன். அந்த நேரத்தில் மெமோ வாங்கி அழுத களப்பணியாளர் நினைவுக்கு வந்தார். 'தெரிந்த குடும்பம்தானே சார், கேட்காமலே எனக்குப் பதில் தெரியும்' என்றுதான் அவரும் சொன்னார்.

"முகுந்தா" என்றேன். "அவளைக் கேட்போம். நான் இதுவரைக்கும் கேட்கலை." பிறகு அவள் பக்கம் திரும்பினேன். "சௌந்தரம், நீ எங்க இருக்கணும்னு நினைக்கிற?"

தலை நிமிர்ந்தாள்.

"அடேயப்பா" என்றாள். "கேட்டுட்டீங்க." முறத்தைக் கீழே வைத்தாள். "நான் எங்கயும் வரல. நாலாவது மாடில உக்காந்து லிஃப்ட் போறதையும் வர்றதையும் பாத்துக்கிட்டிருக்க என்னால ஆகாது. பத்து வயசுல எங்கப்பா கடைல விறகு பொளந்தவ நான். வயசுக்கு வந்ததும் கோடரியத் தொடாதன்னு பிடுங்கி வச்சாங்க. இப்ப யாரு பிடுங்க இருக்கா? முகுந்தா, மூச்சு வாங்குனா நான் உக்காந்துக்குவேன். டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சேன். உங்கப்பாவ நம்பியா ஆரம்பிச்சேன்?"

முகுந்தன் பிளந்த விறகு ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய், ரிசார்ட்காரரைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பினான். மதியம் நன்றாகச் சாப்பிட்டான். மூன்று மணிக்குத் தனியாகக் காரில் ஏறினான். மாதா மாதம் அம்மா டாக்டரிடம் காட்டி, சீட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது அவன் போட்ட நிபந்தனை. நியாயம்தான்.

அவன் போன பிறகு அவளிடம் கேட்டேன். "ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்கதான் போகணும்னு நினைக்கிறீங்கன்னு இருந்தேன். அவன் சொன்னதும் உடனே சரிப்பான்னீங்களே. விறகு நிறைஞ்சுட்டா உங்களுக்குக் கிளம்பச் சாக்கு இல்லாமப் போகுமேன்னுதான் சத்தம் போடாமப் பொளந்தேன்." என் பக்கம் திரும்பினாள். "நெசமாவே அது மரங்கொத்தின்னா நினைச்சீங்க?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 28, திங்கள்

கருவித் தேர்வு முடிந்தது. கோடரி ஒன்று, பழையது. அடுக்குவதற்கு ஆள் ஒன்று, அதுவும் பழையது. பட்டை மேல்பக்கம் இருக்கும்படி அடுக்க வேண்டுமாம். நான் முதலில் அடுக்கிய வரிசையைக் கலைத்துவிட்டு மறுபடி அடுக்கச் சொன்னாள். இரண்டாவது தடவை பரவாயில்லை என்றாள். இனி மதியம் தூக்கம் கிடையாது.

முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றாவது குறிப்பின் கடைசி வாக்கியம், 'மற்றவருக்கு இங்கே இருக்க விருப்பமில்லை' என்பது, தவறு. அதை அடித்துவிட்டு, ஓரத்தில் தேதியும் சுருக்கொப்பமும் இட்டு, காரணம் எழுதியிருக்கிறேன்: வீட்டில் இருப்பவரைக் கேட்காமல் நிரப்பியது.